வெளிநாட்டுப் பிள்ளை

பலெர்மோ கால்பந்து மைதானத்தில் முதல் கோல் விழுந்ததும் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். மீண்டும் உட்கார்ந்தபோது இரண்டரை வயது மத்தேயோவைக் காணவில்லை.

“உன் கையைத்தானே பிடித்திருந்தான்?” தாய் கிளவ்டியா அலறினாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாகபூசணி இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். “முருகா, பிள்ளையைக் காட்டித் தா,” என்று முணுமுணுத்தபடி கூட்டத்துக்குள் தேடினாள்.

காவலர் வாக்கிடாக்கியில் விசாரித்தார். “முதலுதவி அறையில் ஒரு பையன் இருக்கிறானாம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை. இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் வரவில்லையாம்.”

“அது எங்கள் பிள்ளை இல்லை!” கிளவ்டியா வெளிவாசலை நோக்கித் திரும்பினாள். “யாராவது தூக்கிக்கொண்டு போகிறார்களோ என்னவோ!”

“சினியோரா, அந்த அறையையும் ஒருதடவை பார்த்துவிடலாம்,” நாகபூசணி எஜமானியிடம் கெஞ்சினாள்.

“யாரோ பெற்ற பிள்ளையைப் பார்க்க இதுவா நேரம்?”

நாகபூசணி முதலுதவி அறையை நோக்கி ஓடினாள். கிளவ்டியா திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

கதவு திறந்ததும் பொன்னிறத் தலை ஒன்று நிமிர்ந்தது. தாய் விரித்த கைகளைத் தாண்டி வந்த மத்தேயோ, நாகபூசணியின் காலைக் கட்டிக்கொண்டான்.

“மாமி, எனக்குப் பயமாக் கிடக்கு. தூக்குங்கோ!”

“மாமி வந்திட்டனடா, குஞ்சு.” தமிழ் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

கிளவ்டியா அசையாமல் நின்றாள். பிள்ளையோடு இத்தாலிய மொழி மட்டுமே பேச வேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்று முதல் நாளே எச்சரித்தவள் அவள்.

“என் மகன் என்ன சொல்கிறான்?”

நாகபூசணி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

“பயமாக இருக்கிறதாம், சினியோரா.”