கோடரியின் கனம்

அமலனும் அவன் மனைவி ஜெசிந்தாவும் ஒரே வீரனை வைத்துத்தான் அந்த வீடியோ விளையாட்டை ஆடினார்கள். பகலில் அவள், வேலை விட்டு வந்தபின் அவன். வீரனின் முதுகில் அவனுடைய கோடரியும் அவளுடைய வில்லும் தொங்கும். கிடைக்கிற திறன் புள்ளிகளை அவன் கைபலத்தில் போடுவான், அவள் கால்வேகத்தில் போடுவாள். இருவருக்கும் பேச்சு குறைந்துபோன பிறகும் இது நிற்கவில்லை. இரண்டையும் சுமந்தால் ஓட முடியவில்லை என்று அவன் தினமும் வில்லைக் கழற்றி ஆயுதப் பெட்டிக்குள் போட்டுவிடுவான். மறுநாள் அவள் அதை எடுத்து மாட்டிவிடுவாள். ஒருநாளும் அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்று அவன் டிவியைப் போட்டபோது வீரன் கடல்வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அதைத் தாண்டினால் பெட்டிக்குத் திரும்ப வழி கிடையாது. முதுகில் வில் மட்டும் இருந்தது.

“என் கோடரி எங்க?”

“பெட்டியில.” ஜெசிந்தா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சேவ் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்.”

“எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

“கனமா இருந்துச்சு.”

மணலைப் பிளந்துகொண்டு ஏதோ பெரிதாக எழுந்து வந்தது. அமலன் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். வீரன் குதித்தான், குனிந்தான், உருண்டான். அந்த வில்லை அவன் ஒருதரம்கூட வளைத்ததில்லை.

“ஜெசி, இத எப்படி விடணும்?”

திரும்பிப் பார்த்தான். அவள் மடித்து சூட்கேஸில் அடுக்கியிருந்ததில் அவனுடைய சட்டை ஒன்றுகூட இல்லை.