நீல வெளிச்சத்தில் இரண்டு பூக்கள்

“பழுப்பா இருக்கிறதுதாங்க களை, அதைத்தான் நம்ம மக குத்தச் சொன்னா...”

“இந்த நீல வெளிச்சத்துல நீயே நீலமாத்தாண்டி இருக்கே, பழுப்புக்கு நான் எங்கே போவேன்?”

“அப்ப வெள்ளை விளக்கைப் போடுங்களேன்!”

“அதைப் போடுறதும் அணைக்கிறதும் உன் மக போன்லதானே!”

மகளின் கடல்மீன் தொட்டி முன்னால் கணவனும் மனைவியும் முட்டிபோட்டு நிற்கிறார்கள். உள்ளே, பாறையில் பூப்போல விரிந்து இரண்டு உயிர்கள் ஆடுகின்றன. ஒன்று மகள் கண்ணும் கருத்துமாய் வளர்க்கும் கடற்சாமந்தி. மற்றது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கொன்று பரவும் களை. களையைக் கொல்ல எலுமிச்சைச்சாறு ஏற்றிய ஊசி அவர் கையில் இருக்கிறது. மோட்டார் முனகுகிறது. நீரின் நீலம் இருவர் நரைமுடியிலும் அசைகிறது. “குத்தட்டுமா?” “குத்துங்க... இருங்க, இருங்க, அது இல்லை!” அதற்குள் சாறு வெளிறிய நூலாய் இறங்கிவிடுகிறது. இரண்டு பூக்களும் ஒரே நொடியில் சுருங்கி, ஆளுக்கொரு பொந்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. குட்டி மீன் ஒன்று வந்து இந்தப் பொந்தையும் அந்தப் பொந்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. அவர்களும் அப்படியேதான் பார்க்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது.

“அம்மா, என் பூவுக்கு ஒண்ணும் ஆகலையே?”