வாசகியின் புருஷன்

மதிய வெயில் கண் ஆஸ்பத்திரி வார்டின் ஜன்னல் கம்பிகளைக் கட்டில்மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் கட்டோடு சாய்ந்திருக்கும் மனைவிக்கு லாரி மெக்கானிக் துப்பறியும் நாவல் வாசிக்கிறார். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவர் கதைப் புத்தகத்தைத் தொடுவது இதுதான் முதல் தடவை. கிரீஸ் ஏறிய விரல் எழுத்தெழுத்தாக நகர்கிறது. "கமா வந்தா கொஞ்சம் நின்னு போங்க," என்கிறாள். நிற்கிறார். பால் பொங்கி வழிந்தாலும் பக்கத்தை விட்டு எழுந்திருக்காதவள் அவள். கொலைக் கதையும் கப்பல் பயணமும் என்றால் உயிர். காதல் கதைக்குக் கொட்டாவி விடுவாள். பக்கத்தின் மூலையை யாராவது மடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க மடித்தவரோடு பேச்சில்லை.

எதிர்க் கட்டில்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு அக்கா கொலை பண்ணது?"

"தோட்டக்காரன்னு நம்மள நம்ப வைக்கிறாங்க. ஆனா வக்கீல்தான். கொட்டுற மழையில நடந்து வந்தேங்கிறான், செருப்புல சேறே இல்லையே!"

"இன்னும் பாதிப் புத்தகம் கிடக்கே!"

மெக்கானிக் மெல்லக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். வக்கீல்தான். காகிதம் சரிந்த சத்தத்திலேயே பிடித்துவிடுகிறாள்.

"பாத்துட்டீங்கல்ல? வாயத் தொறக்கக் கூடாது."

அவர் பழைய பக்கத்துக்குத் திரும்புகிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிக் கட்டில்வரை கேட்கிறமாதிரி, விட்ட வரியிலிருந்து உரக்க வாசிக்கிறார்.