புறாக்காரர் வாங்கிய ஸ்டாண்டு

துப்பாக்கி ஸ்டாண்டில் இருக்கிறதிலேயே விலை குறைந்ததாகக் காட்டச் சொன்னார் புறாக்காரர்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று சாமான்களைப் பரப்பினார்.

முதலாவது, துப்பாக்கிக் குழலைக் கவ்விக்கொள்ளும் இரண்டு கால் ஸ்டாண்டு. மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. புறாக்காரர் அதைத் தொடவே இல்லை. அவர் சுடுகிற ஏர்கன்னில் குண்டு போடக் குழலையே மடக்க வேண்டும். அதில் போய் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால் குறி கிழக்கே, குண்டு மேற்கே.

இரண்டாவது, மணல் அடைத்த தோல் பை. தரையில் படுத்துச் சுடுகிறவனுக்கு அருமையான சாமான்தான். ஆனால் புறா என்ன தரையிலா உட்கார்ந்திருக்கிறது? தானியக் குடோனில் இருபதடி உயரத்து இரும்புச் சட்டத்தில் ஜம்மென்று உட்கார்ந்து, கீழே அடுக்கிய மூட்டைகள்மேல் எச்சமிடுகிறது.

மூன்றாவதுக்கு, திருகி ஏற்றி இறக்குகிற மூன்று கால். உச்சியில் துப்பாக்கியைத் தாங்க ஓர் இரும்புக் கவை. நின்றுகொண்டே அண்ணாந்து சுடலாம். பெயின்ட் உரிந்துபோனதால் பாதி விலை.

"யாருக்குண்ணே இது?" என்றார் கடைக்காரர்.

"மச்சானுக்கு. அவருக்குக் கை கொஞ்சம் ஆடும்."

புறாக்காரருக்கும் சரி, அவர் மனைவிக்கும் சரி, கூடப்பிறந்தவர்களே கிடையாது.

புறா வளர்க்கிறவனைத்தான் ஊரில் புறாக்காரன் என்பார்கள். இவர் சுடுகிறவர். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக குடோனில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒரு புறாவுக்கு ஒரு குண்டு, அவ்வளவுதான். கூரையில் ஒரு கீறல் விழாது. அப்பேர்ப்பட்ட கை ஆறு மாதமாக ஆடுகிறது. போன மாதம் வெளிச்சத்துக்காகக் கூரையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தகட்டில் மூன்று ஓட்டை விழுந்தது. மழைத்தண்ணீர் இறங்கி ஒரு வரிசை மூட்டை முளைவிட்டது.

மேனேஜர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வருகிற திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் ஒரு தடவை சுட்டுக் காட்டச் சொன்னார், அதோடு எழுந்து போய்விட்டார். புறாக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், கை நடுங்குகிற மனுஷனை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டாண்டோடு மல்லுக்கட்டினார். வெறும் இரும்பில் வைத்தால் ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது துள்ளும். அதனால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கவையில் மெத்தையாகச் சுற்றினார். கால்களில் ஆணியால் கோடு கீறினார். கீழ்க் கோட்டில் நிறுத்தினால் முதல் சட்டம், மேல் கோட்டில் நிறுத்தினால் கடைசிச் சட்டம். இந்த மனுஷன் பெற்ற பிள்ளையைக்கூட இப்படிச் சீராட்டியதில்லை என்று மனைவி இடித்துக் காட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை சட்டத்தில் ஐந்து டப்பா மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

கவையில் துப்பாக்கியை வைத்ததும் அவருக்கே ஆச்சரியம். நடுக்கம் முழங்கையோடு நின்றுவிட்டது. டங், டங் என்று ஐந்தும் ஆடின. மூட்டை தூக்குகிறவர்கள் விசில் அடித்தார்கள். அட, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! புறாக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் தானும் ஒன்று சுட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

அங்கேதான் அந்த நல்ல மனுஷன் ஏமாந்தார். கையில் வலி, குறி தப்பும் என்று எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கே வரும்? கூடவே நின்று, காலை எந்தக் கோட்டில் நிறுத்துவது, கன்னத்தை எங்கே வைப்பது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தார்.

டங்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே கணக்கெழுதுகிற பெண்ணைக் கூப்பிட்டார். வாழ்நாளில் பேனாவைத் தவிர வேறெதையும் குறிபார்த்துப் பிடிக்காதவள். வேண்டாம் சார், பயமாயிருக்கு சார் என்று நெளிந்தாள். பயப்படாதேம்மா, எல்லாவற்றையும் ஸ்டாண்டே பார்த்துக்கொள்ளும் என்று புறாக்காரர்தான் தைரியம் சொன்னார்.

அவளும் அடித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது புறாக்காரர்.

மேனேஜர் வந்து அவர் தோளில் கை போட்டார். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"துப்பாக்கி கம்பெனியோடதுதான். ஸ்டாண்டையும் வெச்சிட்டுப் போங்கண்ணே. இனிமே வாட்ச்மேனே பாத்துக்குவான்."

புறாக்காரருக்குச் சட்டென்று விளங்கவில்லை. இனி ஸ்டாண்டு போதும், தான் வேண்டாம் என்பது பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

வாட்ச்மேன் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்து துப்பாக்கியைக் கவையில் வைத்தான். ஆள் குள்ளம். நுனிக்காலில் எக்கியும் கண் எட்டவில்லை.

அவனைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவருக்கு.

குனிந்து, மூன்று கால்களையும் இரண்டு விரற்கடை இறக்கி, திருகுகளை இறுக்கி வைத்தார்.