மந்திரித்த எண்ணெய்

“தடவாதீங்க அத்தை! அவருக்கு அதைத் தடவாதீங்க!”

சூசன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரர் கைபேசியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒலிவ எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த மாமியார் பிலோமினாவின் கை அப்படியே நின்றது.

கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான் கிரகோரி. பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி இடித்து, தொடை எலும்பு உடைந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் ஆப்ரேஷன்.

“ஆரம்பிச்சிட்டியா? ஒங்க மெத்தடிஸ்ட் சபைல இதெல்லாம் இல்ல, தெரியும்லா,” என்றான் கிரகோரி. “எனக்கு பயமா இருக்கு சூசன். மந்திரிச்ச எண்ணெய், அம்மா தடவட்டும்.”

அவன் பயப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

கிரகோரி அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. அந்த எண்ணெய் மாமியாரின் கோயில் ஃபாதர் யெருசலேமிலிருந்து கொண்டுவந்து, மந்திரித்துக் கொடுத்தது. டிங்கி காய்ச்சலில் விழுந்து எழுந்த மருமகளுக்குத்தான் பிலோமினா அதை முதலில் நீட்டினார். “எங்க பழக்கத்துல இதெல்லாம் இல்ல, வேணாம் அத்தை,” என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவள் இதே சூசன்தான்.

ஆனால் இன்றைய கூச்சலுக்குச் சபை காரணமில்லை. சூசன் அம்மணி செய்து வைத்திருந்த திருட்டுத்தனம் காரணம்.

காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கடையில் வாங்கிய ஒலிவ எண்ணெயைத் தலைக்கும் முகத்துக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, கடை எண்ணெயை நம்பாதீர்கள், ஒலிவம் விளையும் நாட்டிலிருந்து நேராக வந்ததுதான் முடிக்கு நல்லது என்று யூடியூபில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். சூசனின் கண் மாதா படத்தடியில் இருந்த பாட்டிலுக்குப் போனது. மந்திரம் வேண்டாம், எண்ணெய் மட்டும் வேண்டும்!

மாமியார் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா எண்ணெயை ஜாம் பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். தன் பாட்டிலில் மிச்சம் இருந்ததை மாதா பாட்டிலில் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நிறமும் ஒன்று, வாசனையும் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது?

மாதா எண்ணெயைத் தேய்க்கத் தேய்க்க முடி முன்னைவிட அதிகமாகத்தான் கொட்டியது. திருடியதற்குத் தண்டனை என்று பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது அந்தத் தண்டனை புருஷன் காலுக்கும் வந்துவிட்டதே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

போதாக்குறைக்கு, காலையில் கிளம்பும் அவசரத்திலும் மாமியார் குளியலறையில் அவளுடைய காலி பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே சூசன் முடிவு கட்டிவிட்டாள்.

“செத்த வெளிய வாங்க அத்தை,” என்று பிலோமினாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னடி இது? நேரம் ஆவுதுலா.”

“அந்த பாட்டில்ல இருக்குறது மந்திரிச்ச எண்ணெய் இல்ல அத்தை. அதை நான் எடுத்து தலையில தேச்சிட்டேன். என் பாட்டில்ல இருந்ததை அதுல ஊத்தி வச்சேன். அவரு நம்பி கேக்குறாரு, அவரை ஏமாத்த எனக்கு மனசு வரல. என்னை அடிச்சிடுங்க.”

அடி விழவில்லை. பிலோமினா அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நான் மட்டும் என்ன யோக்கியமா? இதுல இருக்குறது வெறும் கடை எண்ணெய்னு நெனச்சிக்கிட்டேதான் பெத்த புள்ளைக்குத் தடவ வந்தேன். அவன் ஆசையா கேட்டான், இல்லன்னு சொல்ல வாய் வரல.”

“அலமாக்! அப்போ நான் எடுத்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“அது எங்க தெரியும்? நீ கை வைக்கிறதுக்கு முன்னாடியே நான் மாத்திட்டேன்டி. நீ வேணாம்னு சொன்னியா, எனக்கு மனசே கேக்கல. முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமா நின்ன. கேட்டா கத்துவ. ஒன் பாட்டில்ல இருந்து பாதி எண்ணெயை கிளாஸ்ல எடுத்து வச்சிட்டு, மந்திரிச்சதை பூரா ஒன் பாட்டில்லயே ஊத்திட்டேன்.”

“கிளாஸ்ல எடுத்து வச்சதை?”

“மாதா பாட்டில்ல ஊத்திட்டேன். பாட்டில் காலியா இருந்தா கிரகோரி கேப்பான்ல? இன்னிக்கு காலையில ஒன் பாட்டில்ல ஒரு சொட்டாவது மிச்சம் இருக்குமான்னு பாத்தேன். தொடச்சி வச்ச மாதிரி இருந்துச்சி.”

மாமியார் தன் தலைமுடிக்காகத் திருடியிருக்கிறார் என்பதே சூசனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது.

“அப்போ நான் எடுத்து தலையில தேச்சது கடை எண்ணெயா அத்தை?”

“ஆமாடி.”

“என் பாட்டில்ல இருந்து நான் திரும்ப ஊத்தி வச்சது?”

பிலோமினா கையிலிருந்த பாட்டிலை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். உள்ளே வார்டில் நர்ஸ் மிஸ்ஸி கிரகோரியின் பெயரைச் சொல்லிக் கட்டிலைத் தள்ள ஆரம்பித்தாள்.

நாற்காலி சரிய எழுந்த பிலோமினா, மருமகளின் கையில் பாட்டிலைத் திணித்தார்.

“ஓடுடி, அதுதான் மந்திரிச்சது!”