கீழே வைக்காத ஸ்பூன்

மாமனார் இன்றும் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

சோற்றுக் கிண்ணம் காலி. சூப்பில் ஒரே ஒரு வாய் மிச்சம். அதில் ஸ்பூனைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யுன்ஹா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐம்பது. எட்டு மணி பஸ்ஸை இந்த வாரம் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. “இன்னொரு நாள் லேட்டானா, அப்படியே வீட்டுல இருந்துக்கோம்மா” என்று அவள் வேலை பார்க்கும் கிளினிக்கின் பல் டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

கொரியாவில், பழைய மரியாதைகள் விடாத ஆந்தோங் ஊரில், அதுவும் க்வோன் குடும்பத்தில், பெரியவர் ஸ்பூனை மேஜையில் வைக்காமல் சின்னவர்கள் எழ முடியாது. அவருக்கு முன்னால் சாப்பிட்டு முடிப்பதும் மரியாதை இல்லை. அவளும் பருக்கை பருக்கையாகக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“மீன் எடுத்துக்கோம்மா.” கானாங்கெளுத்தித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

இதுவும் தந்திரம்தான். முள் எடுக்கவே பத்து நிமிஷம் போய்விடும்.

“இன்னிக்கும் வேலை உண்டா?”

தினமும் இதே கேள்வி.

விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும் கணவனிடம் நேற்று ராத்திரிதான் கேட்டாள்.

“உங்கப்பா சாப்பிட எப்பவுமே இவ்வளவு நேரமா?”

“எங்கப்பாவா? பட்டாளத்துல இருந்தவரு. அம்மா இருந்தவரைக்கும் அஞ்சே நிமிஷம்தான். நாங்க உக்கார்றதுக்குள்ள எழுந்துடுவாரு.”

அப்படியானால் இந்த ஆமை வேகம் மருமகளுக்காகவே பிரத்யேக ஏற்பாடு. வேலைக்குப் போகாதே என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். மரியாதையைக் கயிறாகத் திரித்துக் காலைக் கட்டிப்போடுவார்.

ஏழு ஐம்பத்துமூன்று. யுன்ஹாவுக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, நான் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க.”

அவர் விழித்தார். “நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?”

“சொல்லலை. தினமும் ஸ்பூனைக் கீழ வெக்காம என் பஸ்ஸை விடவெக்கிறீங்க.”

“பஸ்ஸா? நீ நிதானமாச் சாப்பிடற பொண்ணுன்னு இல்ல நான் நினைச்சேன்.”

“நீங்க முடிக்கணுமேன்னுதான் நான் இழுத்துக்கிட்டு இருக்கேன்.”

“நான் முடிச்சு அரைமணி ஆச்சே.”

“அப்புறம் ஏன் மாமா கீழ வெக்கலை?”

“வெச்சா நீ பாதிச் சோத்துல எழுந்துடுவியே.”

குரல் இறங்கியது.

“முப்பத்திரண்டு வருஷம், அஞ்சே நிமிஷத்துல நான் ஸ்பூனை வெச்சுடுவேன். எல்லாருக்கும் எடுத்து வெச்சுட்டு, கடைசியா வந்து உக்காந்த உன் மாமியாரும் என்கூடவே எழுந்துடுவா. ஒரு நாள்கூட வயிறு நிறைஞ்சதில்லைன்னு அவ என்கிட்ட சொன்னது, ஆஸ்பத்திரியில, சோறே இறங்காமப் போன பிறகுதான்.”