பகலில் வரும் துறை

திரையில் தெரிந்த அந்தத் துறைமுகத்தின் மேல் அவள் விரலை வைத்தாள்.

திரையைத் தொடவேண்டாம் என்று ஆரபி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இன்று சொல்லவில்லை. மகள் நல்ல மனநிலையில் இருந்தாள். அப்பாவுக்கு அறுபது ஆகிறது. நோர்வேயின் கரையோரமாக வடக்கே ஏறிப்போகும் கப்பலில் இரண்டு பேரையும் அனுப்பிவைக்கப் போகிறாள். போவது கப்பலில், திரும்புவது விமானத்தில். பனியில் நாய்வண்டி, வானத்தில் பச்சை வெளிச்சம், ராட்சத நண்டு என்று எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது.

“இதிலயும் இறங்கலாமோ பிள்ளை?”

ஆரபி சிரித்துவிட்டாள். “அங்க என்னம்மா இருக்கு? ஒரு மீன் ஆலை, ஒரு தேவாலயம். சுற்றுலாக்காரர் ஒருத்தரும் இறங்க மாட்டினம். கப்பல் சாமானை இறக்கிப்போட்டு உடன வெளிக்கிட்டிடும்.”

குசினியில் கத்திச் சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வெட்டுவது ஆரபியின் அப்பாதான். அந்த வேலையில் மட்டும் யாரையும் கிட்ட விடமாட்டார். அவருக்கு அது கைவந்தது. வடக்கே ஏதோ ஓர் ஊரில் அம்மாவும் அப்பாவும் மீன் ஆலையில் வேலைக்கு நின்றவர்கள் என்பது ஆரபிக்குத் தெரியும். ஊரின் பெயர் தெரியாது. இந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை.

“சும்மா, கால் நீட்டி நடக்கலாமெண்டு” என்றாள் அவள்.

பொய்தான். வாய் கூசாமல் வந்தது.

ஆரபிக்கு முன்னால் ஒருவன் பிறந்தான்.

பெயர் வைக்கும் நாள் வரை அவன் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஆலையில் வேலை செய்த நம் ஆட்கள் நாலு பேர் அவருடன் போனார்கள். நிலம் கல்லாகக் கிடந்ததாம். எங்கே பார்த்தாலும் வெள்ளையாம். அவ்வளவுதான் வந்து சொன்னார்கள். அவள் போகவில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. போகட்டுமா என்று அவள் கேட்கவுமில்லை, வா என்று யாரும் கூப்பிடவுமில்லை. அடுத்த மேசையில் மீன் துண்டுபோடும் பெரித் என்ற நோர்வேக்காரி மட்டும் கறுப்புக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து அவளைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஊரான் வீட்டுப் பெண் போனாள். பெற்றவள் அறைக்குள் மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பனி கரைந்ததும் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது திரையில் இருப்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் எங்கே போய்த் தேடுவாள்? மேட்டிலா, கடலோரமா? ஏற்றமென்றால் முழங்கால் விடாது. ஏதாவது அடையாளம் வைத்தார்களா? பெயரில்லாத பிள்ளைக்கு என்ன அடையாளம் வைப்பார்கள்? தேடிக்கொண்டிருக்கும்போது கப்பல் ஊதினால்? ஓடி வருவாளா?

இரண்டாம் தடவையும் அவனை விட்டுவிட்டு வருவாளா?

அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

அவரைக் கேட்கலாம். பெட்டியைத் தூக்கிப்போனவர் அவர். ஒரு தடவை கேட்டும் இருக்கிறாள். “பழசைக் கிண்டாதையும்” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இந்தப் பயணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். கப்பல் தனக்கு ஒத்துவராதாம். வடக்கில் குளிரைத் தவிர என்ன கிடக்குதாம்.

“நாய்வண்டியே போடு பிள்ளை” என்றாள். விரலை எடுத்துக்கொண்டாள். திரையில் விரல் பட்ட இடம் மங்கலாகத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஆரபி.”

குசினியிலிருந்து அவருடைய குரல்.

“போகேக்க அந்த இடம் சாமத்தில வரும். இருட்டில ஒண்டும் தெரியாது. திரும்பி வரேக்கதான் பகல். வாறதுக்கும் கப்பலிலயே போடு.”

ஆரபி அட்டவணையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா?”

கப்பலே ஒத்துவராத மனிதர் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார். இந்தத் தடவை மகளோடு அல்ல.

“ஏத்தமில்லை. தேவாலயத்துக்குப் பின்னால, கடல் பக்கம். வேலிக்கரையில. உம்மால நடக்கேலும்.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடல் பக்கம்.

இத்தனை வருடமும் மனதுக்குள் அவள் அவனை மேட்டில்தான் வைத்திருந்தாள். காற்றில், தனியே.

ஆரபி குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் என்ன கண்டாளோ, கேட்க வந்ததைக் கேட்காமல் திரைக்குத் திரும்பினாள். பயணிகள் இரண்டு என்று இருந்தது.

“மூண்டு போடு” என்றாள் அவள். “நீயும் வா.”

குசினியில் குழாய் நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.